எந்தப் படத்தை அனுப்புவது

வெளிநாட்டில் இருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்புவதற்காகப் பட அஞ்சலட்டைகளை மேசையில் பரப்பும்போது, கை தானாகவே சிலவற்றை நோக்கிப் போகிறது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோவில், மீனாட்சி கோபுரம், முகபடாம் கட்டிய யானை, ஊட்டியில் குடிசை வாசலில் பூவேலைச் சால்வை போர்த்தி நிற்கும் தோடர் பெண். என்ன எழுதுவதென்று யோசிக்கவே தொடங்கியிருக்க மாட்டேன், அதற்குள் படம் முடிவாகிவிடுகிறது. முடிவு செய்தது நான்தானா என்ற சந்தேகம் கொஞ்ச காலமாக என்னை விடாமல் அரிக்கிறது. நான் யானையை அன்றாடம் பார்க்கிறவன் இல்லை. தோடர் ஒருவரோடு ஒரு வார்த்தை பேசியவனும் இல்லை. இருந்தும், என் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கும் ஒருவருக்கு இந்தப் படங்களைத்தான் என் பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். யாரும் வற்புறுத்தவில்லை. அழகான படங்கள்தான், பெறுகிறவர் மகிழ்கிறார். பிறகு எது உறுத்துகிறது என்று கேட்டால், அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் என் கையெழுத்தைப் பார்க்கும்போது அந்த இரண்டு பக்கங்களும் ஒரே ஆளுடையவை அல்ல என்று தோன்றுகிறது.

போஸ்ட்கிராசிங் என்கிற இந்தப் பரிமாற்றத்தை 2005 ஜூலையில் பாலோ மகல்யாயிஷ் என்ற போர்த்துக்கீசிய மாணவர் தொடங்கினார். இதுவரை 7 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் இதன் வழியே உலகைச் சுற்றியிருக்கின்றன. இதில் என்னைக் கட்டிப்போட்டது அதன் கணக்குதான். ஒரு முகவரி குலுக்கலில் விழுகிறது, ஃபின்லாந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அட்டை எழுதி, கொடுக்கப்பட்ட எண்ணை அதில் குறித்துத் தபாலில் சேர்க்கிறேன். அட்டை கிடைத்ததும் அவர் அந்த எண்ணைப் பதிவார். உடனே என் முகவரி வேறு யாருக்கோ போகும். அவர் தைவானில் இருக்கலாம், போலந்தில் இருக்கலாம். கொடுத்தது ஒருவருக்கு, வருவது இன்னொருவரிடமிருந்து. மொய் நோட்டில் பேரும் ஊரும் தொகையும் எழுதிவைத்து, அவர் வீட்டு விசேஷத்தில் அதே தொகையைத் திருப்பிச் செய்து வளர்ந்த எனக்கு இது முதலில் பிடிபடவில்லை. யாரும் யாருக்கும் கடன்படாத ஏற்பாடு. அதனால்தானோ என்னவோ, அந்த முன்பின் தெரியாதவரை எப்படியாவது மகிழ்வித்துவிட வேண்டும் என்ற வேகம் வருகிறது. அவர் தன்னைப் பற்றி எழுதிவைத்திருக்கும் நாலு வரியின் கடைசியில் பெரும்பாலும் ஒரு விருப்பம் இருக்கும்: யானைகள், யுனெஸ்கோ சின்னங்கள், பாரம்பரிய உடையணிந்த பெண்கள், வரைபடங்கள். கேட்டதைத் தேடிக் கொடுப்பதுதானே விருந்தோம்பல் என்று நானும் தேடுகிறேன்.

எங்கள் கோவில்பட்டிக்கு என்று பட அட்டை எந்தக் கடையிலும் கிடைத்ததில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் யோசிக்க யோசிக்க விநோதமாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் சிவகாசி. இந்த நாட்டின் மூலைமுடுக்குகளில் தொங்கும் காலண்டர்களில் எத்தனையோ அங்கே அச்சானவை. முருகனும் லட்சுமியும் மட்டுமா, பனி மூடிய சுவிஸ் மலையும் அதன் அடியில் மரவீடும்கூட அங்கேதான் அச்சாகி எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு வந்தன. இங்கே தீப்பெட்டி ஒட்டிய வீடுகளில் குழந்தைகள் மடியில் குவிந்து கிடந்த லேபிள்களில் மயில், மான், புலி, கப்பல் என்று இல்லாத படம் இல்லை. ஊருக்கெல்லாம் படம் தந்த இந்தக் கரிசல் மண்ணுக்குத் தன்னையே ஒரு படமாக நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பருத்திக் காட்டையோ, கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சும் கொட்டகையையோ, மத்தியான வெயிலில் பேருந்து நிலையத்தையோ யார் வாங்குவார்கள்? வாங்குகிறவர் வெளியிலிருந்து வருகிறவர். அவர் இங்கே இறங்குவதில்லை. படத்துக்குத் தகுதியான ஊர் எது என்பதை அந்த ஊரில் இருப்பவர்கள் முடிவு செய்வதில்லை, கடந்துபோகிறவர்களே முடிவு செய்கிறார்கள்.

அந்தக் கடந்துபோகிறவர் எப்போது வந்தார் என்று தேடினால் 1900ஐ ஒட்டிய மதராஸுக்குப் போய்ச் சேர்கிறேன். படமில்லாத வெறும் அட்டையை ஆஸ்திரியா–ஹங்கேரி 1869 அக்டோபரில் முதன்முதலாக வெளியிட்டது. இந்தியாவுக்கு அது 1879 ஜூலையில், காலணா விலையில் வந்தது. படம் அதன்மேல் ஏறியது அதற்கப்புறம். தொடக்கத்தில் அட்டையின் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும் என்று விதி. சேதி எழுத வேண்டுமென்றால் படத்தின் ஓரத்தில், வானத்தில், தண்ணீரில், எங்கே வெள்ளை தெரிகிறதோ அங்கே நுணுக்கி எழுத வேண்டும். பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பாதியில் சேதி எழுதலாம் என்று 1902இல் பிரிட்டன் அனுமதித்தது. ஜெர்மனி 1905இல், அமெரிக்கா 1907இல். ஹிக்கின்பாதம்ஸ் கடையும் வீலே அண்ட் க்ளைன் போன்ற ஸ்டூடியோக்களும் மதராஸ் அட்டைகளை வெளியிட்டன. படம் இங்கே எடுக்கப்படும், அந்தக் கால அட்டைகளில் பலவும் ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் திரும்பி வரும். உயர் நீதிமன்றம், மவுண்ட் ரோடு, கடற்கரை ஒரு பக்கம். மறுபக்கம் மனிதர்கள்: ஆயா, பட்லர், டோபி, தண்ணீர் சுமக்கிறவர், பாம்பாட்டி. 2018இல் லண்டனில் உள்ள சோவாஸ் கல்வி நிறுவனத்தில் எமிலி ரோஸ் ஸ்டீவன்சனும் ஸ்டீபன் ஹியூஸும் இந்த மதராஸ், பெங்களூர் அட்டைகளை ஒரு கண்காட்சியாக வைத்தார்கள். இவற்றை நகர வரலாற்றின் ஆவணமாகப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். சரியான வாதம்தான். ஆனால் எனக்கு அந்த ஆவணத்துக்குள் நிற்கிறவர்களைத் தாண்டி நகரத்துக்குப் போக முடியவில்லை.

சேகரிப்பாளரான நண்பர் ஒருவரிடம் அப்படி ஓர் அட்டை இருக்கிறது. கையில் வாங்கியதும் முதலில் தெரிவது அதன் சிறிய அளவு, பிறகு வெட்டிவேரும் பழைய பசையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. ஸ்டூடியோவில் எடுத்த படம். பின்னால் சீலையில் வரைந்த தூண்களும் படிக்கட்டும். வெள்ளைச் சேலை கட்டிய நடுவயது அம்மாள் ஒருவர், இடுப்பில் ஃப்ராக் போட்ட வெள்ளைக்காரக் குழந்தை. கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ‘ஆயா, மதராஸ்’ என்று அச்சாகியிருக்கிறது. குழந்தை அசைந்ததால் அதன் முகம் கலங்கிப் போயிருக்கிறது, அந்த அம்மாளின் முகம் மட்டும் துல்லியம். காலில் செருப்பில்லை. கம்பள விரிப்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி ஊன்றியிருக்கிறார், அசையாதே என்று யாரோ சொன்னதை உடம்பு முழுவதும் கேட்டுக்கொண்டு நிற்கிறது. அனுப்பியவர் ஊதா மையில் சேலையின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார்: வந்து சேர்ந்தது, வெக்கை, குழந்தைகளுக்கு இருமல் தேவலை என்கிற செய்திகள். ஓர் எழுத்தின் நீண்ட வால் அந்த அம்மாளின் இடது பாதத்தை வெட்டிக்கொண்டு போகிறது. எழுதியவர் கொடுமைக்காரர் இல்லை, அவருக்கு எழுத இடம் போதவில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில்தான் மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் உதவியோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளைத் தயார் செய்துகொண்டிருந்தார். 1909இல் வெளிவந்தன. மூக்கையும் மண்டையையும் அளந்து மனிதர்களை வகைப்படுத்தியவர் அவர். அவர் அளந்தார், அட்டை வெளியிட்டவர்கள் விற்றார்கள். இரண்டிலுமே நிற்கிறவருக்குப் பெயர் தேவைப்படவில்லை, வகை போதுமானதாக இருந்தது. என் மேசையில் இருக்கும் தோடர் பெண்ணின் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறேன். பளபளக்கும் வண்ணம், புதிய அச்சு. அதிலும் பெயர் இல்லை.

அல்ஜீரியக் கவிஞர் மாலெக் அலூலா 1981இல் வெளியிட்ட ‘காலனிய அந்தப்புரம்’ என்ற பிரெஞ்சு நூல் முழுவதும் இப்படிப்பட்ட அட்டைகள்தான். முக்காட்டை விலக்க முடியாத பிரெஞ்சுப் புகைப்படக்காரர்கள், கூலிக்கு ஆள் பிடித்து, ஸ்டூடியோவுக்குள் ஒரு பொய் அந்தப்புரத்தைக் கட்டி எடுத்த பெண்களின் படங்கள். இந்த அட்டையை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புவதுதான் தன் வேலை என்று அலூலா சொல்கிறார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் திருப்பி அனுப்புவதற்காக அந்தப் படங்களை மறுபடி அச்சிட வேண்டியிருந்தது என்பதையும், அந்தப் பெண்கள் இன்னொரு முறை புதிய கண்களுக்கு முன் நிற்க வேண்டியிருந்தது என்பதையும் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிடுகிறேன். ஆயாவின் பாதத்தைப் பற்றி மேலே எழுதும்போது நானும் அதைத்தானே செய்தேன்? எழுதாமல் விட்டிருந்தால் அவர் ‘ஆயா, மதராஸ்’ என்ற இரண்டு சொற்களோடு நண்பரின் ஆல்பத்தில் இருந்திருப்பார். எது மரியாதை என்று எனக்கு இன்னும் தெளியவில்லை. எழுதியதை அடிக்கவும் மனம் வரவில்லை.

காலனியத்தின் மேல் மட்டும் பழியைப் போட்டால் விஷயம் பாதிதான் பிடிபடும் என்றும் தோன்றுகிறது. அந்த நாட்களிலேயே பிரான்ஸில் பிரெத்தாஞ் வட்டாரத்துக் கிராமப் பெண்கள் லேஸ் தொப்பியோடு பட அட்டைகளில் ஏராளமாக வந்தார்கள். நெதர்லாந்தில் வோலண்டாம் மீனவர்கள் தொளதொளத்த கால்சட்டையும் மரச்செருப்புமாக நின்றார்கள். நகரம் எப்போதுமே கிராமத்தை இப்படித்தான் பார்த்து வாங்கியிருக்கிறது. எனக்கு வருகிற அட்டைகளைப் பார்க்கிறேன். காற்றாலை, பனிக்கரடி, மத்ரியோஷ்கா பொம்மை, செர்ரிப் பூ. அவை வந்த நாளெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இதை மறைப்பதில் அர்த்தமில்லை. டிசம்பர் முத்திரை விழுந்த ஓர் அட்டையின் மூலை ஈரத்தில் ஊறிப் பிளந்திருந்தது, அது பனியின் ஈரமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு அந்த மூலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். நானும் அவர்களை வகையாகத்தான் கேட்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு: காற்றாலையைத் தேர்ந்தெடுக்கிறவருக்கு அதற்கு மேலும் ஆயிரம் படங்கள் அடுக்கில் இருக்கின்றன. அவர் ஊர்த் தெரு, அவர் ஊர் நூலகம், அவர் ஊர் நாய்க்குட்டிகூட அட்டையாகக் கிடைக்கும். டென்மார்க்கிலிருந்து எழுதிய ஒருவர் அப்படித்தான் தங்கள் தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டியின் படத்தை அனுப்பியிருந்தார். அந்த நாட்டின் அரசு அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு கடிதம் கொண்டு சேர்ப்பதை நிறுத்தியது, 1624இல் தொடங்கிய சேவை அது. தெருவில் இருந்த பெட்டிகள் பிடுங்கப்பட்டன. அவர் அட்டையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தான் சுட்ட ஆப்பிள் கேக்கைப் பற்றித்தான் எழுதியிருந்தார்.

கார்டு என்றால் எங்களுக்குப் படம் இல்லாதது. மஞ்சள் நிறத்தில், அஞ்சல்துறையே அச்சிட்டு 50 காசுக்கு விற்பது. நல்ல சேதி என்றால் மூலைகளில் மஞ்சள் தடவியிருக்கும். இழவுச் சேதி என்றால் வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் மூலையைப் பார்த்ததும் கார்டு என்ன சொல்கிறது என்று தெரியும். திருநெல்வேலியில் சுடலைமாடன் கோவில் தெருவிலிருந்து விமர்சகர் தி.க.சி. எழுதிய கார்டுகள் தமிழ்நாட்டின் எந்தெந்த மூலையிலோ கதை எழுதத் தொடங்கியிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. இடைசெவல் கிராமத்துக்கு எழுத்தாளர் கு. அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் பிறகு புத்தகமாகவே வந்தன. இங்கே கார்டில் இடம் போதாமல் முகவரிப் பக்கத்து ஓரத்தில் தலைகீழாக எழுதி, அதற்கும் மேல் செங்குத்தாக எழுதி முடிப்பார்கள். அவர்களும் இடம் போதாமல்தான் ஓரங்களில் நெருக்கி எழுதினார்கள், ஆனால் அந்த எழுத்து யார் உடம்பின் மேலும் ஏறவில்லை. படமில்லாத அந்தக் கார்டை வெளிநாட்டவருக்கு அனுப்பலாமே என்று யோசித்திருக்கிறேன். படம் வேண்டும் என்று ஆசையோடு பெட்டியைத் திறக்கிறவருக்கு அது ஒரு பாடம் நடத்துவதாக ஆகிவிடும். முன்பின் தெரியாதவருக்குப் பாடம் நடத்த எனக்கு என்ன உரிமை?

வாக்கர் எவன்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிறு வயதிலிருந்தே பட அட்டைகளைச் சேர்த்தவர். அவருடைய ஏறத்தாழ 9,000 அட்டைகள் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் தேடியவை இயற்கைக் காட்சிகள் அல்ல. சின்ன ஊர்களின் கடைத்தெரு, ரயில் நிலையம், தொழிற்சாலை வாசல், கம்பங்களும் கம்பிகளும் மறைக்காமல் அப்படியே தெரிகிற நேர்ப்பார்வைப் படங்கள். உள்ளூர் ஆள் ஒருவர், உள்ளூரில் விற்பதற்காக, அழகுபடுத்தும் எண்ணமே இல்லாமல் எடுத்தவை. 1948இல் ‘ஃபார்ச்சூன்’ பத்திரிகையில் அவற்றையே ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அவர் சேகரிப்பின் அட்டைகளைப் பார்த்தபோதுதான் கோவில்பட்டிக்கு நானே அட்டை போட்டால் என்ன என்ற எண்ணம் வந்தது. கேமராவோடு கிளம்பினேன். எடுத்த படங்களை வீட்டில் பார்த்தபோது, தீப்பெட்டி ஆலையும் பேருந்து நிலையமும் இரண்டாம் வரிசைக்குப் போய்விட்டன. கண் நின்றது செண்பகவல்லி அம்மன் கோவில் வாசலில் பூக்கட்டும் ஆச்சியின் முகத்தில். சுருக்கங்கள், பாம்படம் அறுந்து தொங்கும் காது, வாழைநாரைப் பல்லில் பிடித்த வாய், காலை வெயில். படம் மிக நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்திருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. சீலையில் வரைந்த தூண்களுக்குப் பதில் கோவில் மதில், அவ்வளவுதான் மாற்றம்.

ஆச்சியிடம் போனேன். படத்தை ஃபோனில் காட்டி, அட்டையாகப் போட்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். ஃபோனைக் கையில் வாங்கித் தள்ளிப்பிடித்துப் பார்த்தார். “என்னய்யா இது, நாரக் கடிச்சுக்கிட்டு மூஞ்சிய இப்படி வச்சிருக்கேன். இதையா சீமைக்கு அனுப்பப் போற?” என்றார். எப்படி எடுத்தால் சம்மதம் ஆச்சி என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வரச் சொன்னார். போனபோது பச்சைப் பூப்போட்ட சிந்தெடிக் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, தலை வாரிக் கொண்டை. பேரன் புதிதாக வாங்கிய பைக்கை வாசலில் துடைத்து நிறுத்தியிருந்தான். ஆச்சி அதன் பக்கத்தில் நின்று கைப்பிடியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். சிரிக்கச் சொன்னேன், சிரிக்க மாட்டேன் என்றுவிட்டார். பூக்கூடையை எட்டிப் பார்த்தேன், கூடை வீட்டுக்குள் இருந்தது. அதை எடுத்து வரச் சொல்ல வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். படத்தில் நேர்வெயில், பைக்கின் பெட்ரோல் டேங்க்கில் என் நிழல், பின்னால் கேஸ் சிலிண்டர். புகைப்படமாக முதல் படத்தின் கால் தூசுக்கு வராது. அட்டையில் என்ன எழுதட்டும் ஆச்சி என்றதற்கு, “என் பேரப் போடு, எங்க தெருப் பேரப் போடு. பூக்காரின்னு போட்டுறாத” என்றார். அட்டையில் போட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் போட அவரிடம் கேட்கவில்லை, அதனால் இங்கே இல்லை.

இப்போது வந்திருக்கும் முகவரி லிதுவேனியாவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையுடையது. பாரம்பரிய உடை அணிந்த பெண்களின் படங்கள் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறார். தோடர் பெண்ணின் அட்டை அவருக்கென்றே எடுத்துவைத்தது போல மேசையில் கிடக்கிறது. ஆச்சியின் அட்டையைப் பார்த்து அவர் ஏமாறக்கூடும். கேட்டது ஒன்று, வந்தது வேறொன்று என்று ஒரு கணம் முகம் சுருங்கக்கூடும். அந்த ஒரு கணத்தை அவருக்குத் தர எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது, அவர் எனக்கு எந்தத் தீங்கும் செய்யாதவர். ஆனாலும் ஆச்சியைத்தான் அனுப்பப் போகிறேன். பின்பக்கத்தின் இடது பாதியில், எண்ணை எழுதிய பிறகு மிஞ்சுகிற இடத்தில், இந்தச் சேலை போன தீபாவளிக்குப் பேரன் எடுத்துக்கொடுத்தது என்றும், அவன் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கிறான் என்றும், பைக்குக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் எழுத வேண்டும். வெயில் அதிகம் என்பதையும் சேர்க்க இடம் இருக்குமா என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.